வெளுத்து வந்த கையெழுத்து

அத்தியாயம் 6

நீதிமன்றம் சிரித்தது புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு. அந்தச் சிரிப்பு காசிமேட்டை வந்தடைய மதியம் ஒரு மணிகூட ஆகவில்லை.

சிரிப்புக்குக் காரணம் உதயா என்கிற பெண். விசைப்படகுக்காரர் பொன்னுரங்கத்தின் ஒரே மகள். எண்ணூர் சாலையில் இருக்கும் ஞானக்கடல் பொறியியல் கல்லூரியில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் படிப்புப் படித்தாள். அங்கே கம்ப்யூட்டர்களுக்கு எப்போதும் உறை போட்டிருப்பார்கள். உறைக்குள் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்பது அந்த வருஷம் முழுவதும் விவாதப் பொருளாகவே இருந்தது. முதல்வரையும் மாணவர்கள் யாரும் கண்டதில்லை. இரண்டாம் வருஷத்தை வேறொரு தனியார் கல்லூரியில் படிக்க அவள் இடம் கேட்டாள், கிடைத்தது. விதிப்படி பழைய கல்லூரி முதல்வரின் தடையில்லாச் சான்று வேண்டும். ஜூன் பதினோராம் தேதி நேரில் போய் அதையும் வாங்கி வந்தாள்.

மாற்றுச் சான்றிதழ் கேட்டபோதுதான் ஞானக்கடலின் தாளாளர் விழித்துக்கொண்டார். ஒருத்தி போனால் நாற்பது பேர் போவார்கள். இரண்டாம் வருஷத்தில் காலியாகும் நாற்காலியில் புதிதாக யாரையும் உட்கார வைக்க முடியாது. எனவே அந்தத் தடையில்லாச் சான்றே போலி என்று சொல்லிவிட்டார். வழக்கு உயர் நீதிமன்றம் போனது.

அங்கே கல்லூரியின் வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கையெழுத்துப் போட்ட முதல்வர் எப்படி இருந்தார்? வெள்ளை முடி, கண்ணாடி, எழுபது வயது இருக்கும் என்றாள் உதயா. வக்கீல் பின் வரிசையைப் பார்த்துத் தலையசைத்தார். முப்பத்தாறு வயதில், கரிய முடியும் கரிய மீசையுமாக ஒருவர் எழுந்து நின்றார். முதல்வர் நிலவன் அவர்தான். தாளாளரின் மருமகன். அன்றைக்கு அவர் விடுப்பில் இருந்ததாகப் பதிவேடும் சொன்னது.

அப்போதுதான் நீதிமன்றம் சிரித்தது. நாளைக் காலைக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் மனு தள்ளுபடி, கல்லூரி போலீசுக்குப் போகலாம் என்று நீதிபதி தேதி வைத்தார்.

படிப்பு போனால் வேறு படிப்பு. ஆனால் கள்ளக் கையெழுத்துப் போட்டவள் என்கிற பெயர் ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால் அது வெளியே போகாது. பொன்னுரங்கத்தின் படகுக்குப் பெயர் உதயா. அந்தப் பெயரை அழித்து வேறு பெயர் எழுதிவிடலாமே என்று குப்பத்துப் பெரியவர் ஒருவர் அன்றைக்கே, மிகவும் அன்பாக, யோசனை சொன்னார்.

பொன்னுரங்கம் மகளை அழைத்துக்கொண்டு ராயபுரம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார்.

அந்தக் கடை ஜன்னத்துடையது. நாற்பது வயது. வடசென்னையின் ஜாதகம், பத்திரம், விவாகரத்து நோட்டீஸ் எல்லாம் அவளுடைய இயந்திரத்தின் வழியாகத்தான் போயிற்று. கடையின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் வரதன். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணி, மேலே எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவர் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கண் ஓயவில்லை. ஊரில் சிக்கல் என்றால் அவரிடம் வருவார்கள். அவர் பேச வேண்டியதையெல்லாம் ஜன்னத் பேசுவாள்.

உதயாவின் வக்கீல் செங்கொடி கொடுத்தனுப்பிய சான்றின் நகலை வரதன் வாங்கினார். மூலப் பிரதி நீதிமன்றக் கோப்பில் இருந்தது. ஐந்து நிமிஷம் பார்த்தார். பிறகு ஜன்னத்திடம் நீட்டினார்.

"உனக்கு இன்னா தோணுது?"

ஜன்னத் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். "டைப் அடிச்சது கன்னங்கரேல்னு கீது. சீலு சுமாரா வந்துகீது. கையெழுத்து மட்டும் ரத்தசோகை புடிச்சாமாதிரி கீது நைனா."

"ஏன்?"

"எங்க மெஷினு லைட்டு பச்சை. கருப்பு எழுத்து அப்படியே வரும், செவப்பு கருப்பா வரும். பச்சை மையில எழுதுனா மட்டும் வெளுத்துப் பூடும். காண்ட்ராஸ்ட் ஏத்தி எடுக்கணும். இத்த எடுத்தவன் கத்துக்குட்டி, ஏத்தாம எடுத்துகினு துட்டு வாங்கிகினான்."

வரதனின் முதுகு நிமிர்ந்தது. சாதாரணமாகவே நிமிர்ந்த முதுகுதான். துறைமுகத்தில் சுங்க அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டியும் நகராது என்பது அவருக்குத் தெரியும். பச்சை மை அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரிக்கு உரியது. தனியார் கல்லூரியில் தாளாளரின் மருமகனுக்கு அது எதற்கு? ஒரு பெண் உட்கார்ந்து கள்ளக் கையெழுத்துப் போட்டாலும் நீலத்தில்தானே போடுவாள்?

உதயாவிடம் கேட்டார். அவள் யோசித்துப் பார்த்து ஆமாம் என்றாள். பச்சைதான். மைப் பேனா. போட்டு முடித்ததும் அந்தப் பெரியவர் தாளை வாயால் ஊதிக் கொடுத்தார். அதைக் கோர்ட்டில் யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

அன்றைக்குக் கல்லூரியில் வேறென்ன வித்தியாசமாக இருந்தது என்று கேட்டார் வரதன். அன்றைக்கு விடுமுறை என்று சொல்லியிருந்தார்களாம். சான்று அவசரம் என்பதால் அவள் போய்விட்டாள். வாசலில் பூந்தொட்டிகள் இருந்தன. கம்ப்யூட்டர் உறைகள் கழற்றப்பட்டிருந்தன. உள்ளே கம்ப்யூட்டர் இருந்தது.

"அப்ப அந்த வெவாதம் முடிஞ்சிபோச்சா," என்றாள் ஜன்னத்.

"அடுத்த நாள் எடுத்துட்டுப் போய்ட்டாங்கக்கா," என்றாள் உதயா. பிறகு கொஞ்சம் தயங்கி, அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். "லேடீஸ் பாத்ரூம் பூட்டு தொறந்திருந்துச்சு. வருஷம் பூரா பூட்டியே இருக்கும். அன்னைக்குத் தொறந்து, உள்ள சோப்பு வச்சிருந்தாங்க."

வரதன் குறிப்பேட்டை மூடினார். "சோப்பு இருந்துச்சா. போதும்," என்றார்.

என்ன போதும் என்று அவர் சொல்லவில்லை. ஜன்னத்தைக் கடையைப் பூட்டச் சொன்னார். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இன்னமும் பேனாவுக்கு ஊற்றும் பச்சை மையைப் புட்டியில் விற்கும் கடை எது என்று கேட்டார். அது ஒன்றுதான் இருக்கிறது, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சௌக்கத் அலி பாய் கடை, தானும் அங்கேதான் தாள் வாங்குவதாகச் சொன்னாள் ஜன்னத்.

பேருந்தில் இருவருக்கும் நிற்க இடம் கிடைத்தது. கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. தண்டையார்பேட்டையைத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. இந்த வேகத்தில் போனால் பெண்ணுக்குக் கல்யாணமே ஆகிவிடும், அப்புறம் காலேஜு எதற்கு என்று ஜன்னத் நடத்துனரிடம் விசாரித்தாள். அவர் டிக்கெட்டைத் தவிர வேறு எதையும் தரவில்லை.

சௌக்கத் அலி எழுபதைத் தாண்டியவர். மைப்புட்டிகளை அத்தர் புட்டிகளைப் போலக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். பச்சை மை கேட்டதும் முகம் மலர்ந்தது. இந்தக் காலத்தில் அதற்கு மூன்றே வாடிக்கைதான் என்றார். ஒருவர் தாசில்தார் அலுவலகத்தில், ஒருவர் கால்நடை மருத்துவர். இருவரும் சின்ன வயது, பணியில் இருப்பவர்கள். மூன்றாமவர் காலடிப்பேட்டை சுப்பராயன். அரசினர் பாலிடெக்னிக்கில் முதல்வராக இருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது.

"ரிட்டயர் ஆனவருக்குப் பச்சை மை எதுக்கு பாய்?" என்றார் வரதன்.

"பால் கார்டுல கூட பச்சையிலதான் கையெழுத்து. தெருவுல எல்லாப் புள்ளைங்களுக்கும் அவருதான் அட்டெஸ்ட் பண்ணித் தராரு. சட்டப்படி கூடாதுதான். யாரு போய் அவராண்ட சொல்றது?"

அந்தத் தெருவில் யாரும் சொல்லவில்லை என்பது வீட்டைப் பார்த்ததும் புரிந்தது. வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை. பெயருக்குப் பின்னால் பட்டங்கள், பட்டங்களுக்குப் பின்னால் முதல்வர், அதற்குப் பின்னால் மிகச் சிறிய எழுத்தில் ஓய்வு. ஐந்து மணி வெயில் பலகையில் மின்னியது. அன்று காலைதான் துலக்கியிருக்க வேண்டும்.

கதவைத் திறந்தவர் வெள்ளை முடி. கண்ணாடி. வீட்டிலும் முழுக்கைச் சட்டை. சட்டைப் பையில் தடித்த மைப் பேனா.

ஜன்னத் வரதனின் காதருகே, "பொண்ணு கண்ணு நல்லாத்தான் கீது," என்றாள்.

ஞானக்கடல் கல்லூரி என்ற பெயரை வரதன் சொன்னதும் சுப்பராயன் கதவை விட்டு நகரவில்லை. அப்படி ஒரு கல்லூரியைத் தமக்குத் தெரியாது என்றார். ஜூன் பதினொன்று அன்று எங்கே இருந்தீர்கள் என்றதற்கு, ஒரு தேர்வுக் குழுவுக்குப் போயிருந்ததாகச் சொன்னார். உள்ளேயிருந்து அவர் மனைவி பச்சையம்மா, "ஆமா, கார் வந்து கூட்டிக்கிட்டுப் போச்சே, சால்வையெல்லாம் போட்டாங்களே," என்று பெருமையாகக் குரல் கொடுத்தார். சுப்பராயனின் முகம் சிறுத்தது. வந்தவர்களைப் போகச் சொன்னார். நாற்பது வருஷமாக இந்த வீட்டு வாசலில் யாரும் நின்று கேள்வி கேட்டதில்லை, இனியும் கேட்கப் போவதில்லை என்றார்.

கௌரவமுள்ள மனிதர் பொய் சொன்னால் உடனே தெரிந்துவிடும். பழக்கம் இல்லை.

வரதன் வாதாடவில்லை. பெண்ணின் கதையைச் சொல்லி இரக்கம் கேட்கவும் இல்லை. தோல்பையிலிருந்து, செங்கொடி சான்றோடு சேர்த்து அனுப்பியிருந்த கல்லூரியின் எதிர்மனு நகலை எடுத்து, நான்காம் பக்கத்தைத் திருப்பி, ஒரு பத்தியில் விரலை வைத்து அவரிடம் நீட்டினார். சுப்பராயன் படிக்க மாட்டேன் என்றுதான் சொன்னார். ஆனால் முப்பத்துநான்கு வருஷம் கோப்பு பார்த்த கண் தாளைக் கண்டால் படிக்காமல் விடாது.

அந்தப் பத்தி சொன்னது இதுதான். மேற்படி சான்றில் காணப்படும் கையெழுத்து, கல்வியறிவு குறைந்த ஒரு கையால் கிறுக்கப்பட்ட அப்பட்டமான போலி. எந்தப் பொறுப்புள்ள கல்வியாளரும் இப்படிக் கையெழுத்திட மாட்டார்.

அவர் ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொருமுறை படித்தார்.

"கல்வியறிவு குறைந்த கையா?"

அந்தப் பத்தியை விரலால் தட்டினார்.

"ஆயிரத்து இருநூறு பையன்களுக்கு டிப்ளமா கொடுத்த கையெழுத்து இது. இதைக் காட்டி துபாயில் வேலை பார்க்கிறார்கள். கிறுக்கலா?"

"கிறுக்கலுன்னு நாங்க சொல்லல சார்," என்றாள் ஜன்னத். "உங்களுக்குச் சால்வை போத்துனவரு சொல்றாரு. கோர்ட்ல, சத்தியம் பண்ணி."

சுப்பராயன் கதவை முழுதாகத் திறந்தார். உள்ளே வரச் சொன்னார்.

அவர் சொல்லத் தொடங்கும் முன் வரதனே சொன்னார். பூந்தொட்டி, கம்ப்யூட்டர், சோப்பு. ஒரு தனியார் கல்லூரி வருஷத்தில் ஒரே நாள்தான் பெண்கள் கழிப்பறையைத் திறக்கும். அங்கீகாரம் கொடுக்க ஆய்வுக் குழு வரும் நாள். தொட்டி வாடகை, கம்ப்யூட்டர் வாடகை. விதிப்படி முதல்வருக்கு முனைவர் பட்டமும் பதினைந்து வருஷ அனுபவமும் வேண்டும். மருமகனிடம் இருப்பது மாமனார் மட்டும். எனவே அவருக்கு அன்று விடுப்பு, முதல்வரும் வாடகை.

பச்சையம்மா கையில் காபித் தம்ளரோடு அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

சுப்பராயன் மனைவியைப் பார்த்துத்தான் பேசினார், வந்தவர்களைப் பார்த்து அல்ல. தாளாளர் தம்மிடம் படித்தவன் என்றார். ஒரு நாள் கௌரவ முதல்வராக வந்து உட்கார வேண்டும் என்று கேட்டான். ஆறு வருஷமாக யாரும் தம் முன்னால் ஒரு கோப்பை வைத்ததில்லை. போனார். குழு வந்தது, வணக்கம் சொன்னது, பிரியாணி சாப்பிட்டது, போனது. அதற்குள் தாம் உட்கார வைக்கப்பட்ட பொம்மை என்பது புரிந்துவிட்டது. எழுந்து வர நினைத்தபோது ஒரு பெண் கையில் விண்ணப்பத்தோடு உள்ளே வந்தாள்.

"முழுசாகப் படித்தேன். ஏன் போகிறாய் என்று கேட்டேன். இங்கே சொல்லித் தர ஆள் இல்லை சார் என்றாள். சரி என்று கையெழுத்துப் போட்டேன். அந்த நாற்காலியில் அன்று நான் செய்த ஒரே உண்மையான வேலை அதுதான்."

பச்சையம்மா தம்ளரை அவர் முன்னால் நங்கென்று வைத்தார்.

நல்லது, நாளை வந்து இதையே சாட்சி சொல்லுங்கள் என்றார் வரதன். ஆனால் அவருக்கு ஒரு கவலை இருந்தது. வாடகை முதல்வரின் கையெழுத்து சட்டத்தில் செல்லுமா? பொம்மை போட்ட கையெழுத்தும் போலிதான் என்று வக்கீல் திருப்பினால் பெண் கள்ளி என்கிற பெயரிலிருந்து தப்பிப்பாள், இரண்டு கல்லூரியும் இல்லாமல் தெருவில் நிற்பாள்.

"கௌரவ முதல்வர்னு எழுத்துல எதுனா குடுத்தாங்களா சார்?" என்றார்.

சுப்பராயனுக்கு அந்தக் கேள்வியே அவமானமாக இருந்தது. "எழுத்தில் இல்லாமல் நான் எந்த நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை. நியமன ஆணை கொடுத்தால்தான் காரில் ஏறுவேன் என்று சொல்லிவிட்டேன்."

எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். நாடா கட்டிய கோப்பு. மேலே பச்சை மையில் பொருள், தேதி. உள்ளே கல்லூரியின் உறை ஒன்று. அதிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஞானக்கடல் பொறியியல் கல்லூரியின் முதல்வராக, முழு அதிகாரங்களுடன், ஜூன் பத்தாம் தேதி முதல் நியமிக்கப்படுகிறார். தாளாளரின் கையொப்பம், முத்திரை.

ஜன்னத் உறைக்குள் எட்டிப் பார்த்தாள். "இன்னொண்ணு கீதே."

இன்னொன்று இருந்தது. அதே தட்டச்சு, அதே முத்திரை. மேற்படியார் சொந்தக் காரணங்களுக்காகப் பதவி விலகியதால் ஜூன் பன்னிரண்டாம் தேதி பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். விலகலுக்கு நிர்வாகம் வருந்துகிறது.

"ரெண்டும் ஒரே கவர்லயா குடுத்தாங்க?" என்றாள் ஜன்னத்.

"ஆமாம். பத்தாம் தேதி மாலையில்."

"மாலை மாத்தும்போதே விவாகரத்தும் பண்ணிட்டானா. ஸ்டாம்பு செலவு மிச்சம்."

வரதன் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று துறைமுகத்தில் சொல்வார்கள். அன்று பச்சையம்மா பார்த்தார். பத்திலிருந்து பன்னிரண்டு வரை. நடுவில் பதினொன்று. அந்த ஒரு நாள் முழுவதும் சட்டப்படி முதல்வர் இந்த வெள்ளை முடிக்காரர்தான், அந்தக் கரிய மீசை அல்ல.

வியாழக்கிழமை காலை செங்கொடியின் அறையில் பிரமாணப் பத்திரம் தயாரானது. நீதிபதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும் என்று சுப்பராயன் அதே பேனாவில் பச்சையாகக் கையெழுத்திட்டு, ஊதிக் கொடுத்தார். தெருவில் தம் பெயர் என்னவாகும் என்று அவர் இரவெல்லாம் யோசித்திருக்க வேண்டும். கண் சிவந்திருந்தது, சட்டை மட்டும் கசங்கவில்லை.

நீதிமன்றத்தில் செங்கொடி அதிகம் பேசவில்லை. வியாசர்பாடிப் பெண், ஒரே குத்தில் ஆட்டத்தை முடிக்கும் குத்துச்சண்டை ஊர். இரண்டு ஆணைகளையும் மேலே கொடுத்தார். ஒரு கேள்விதான் என்றார். ஜூன் பதினொன்று அன்று சுப்பராயன் முதல்வரா, இல்லையா? ஆம் என்றால் சான்று செல்லும். இல்லை என்றால் அன்று ஆய்வுக் குழுவுக்கு முதல்வர் என்று காட்டப்பட்டவர் யார், அதன் பேரில் வாங்கிய அங்கீகாரம் என்ன ஆகும்?

நீதிபதி கல்லூரியின் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தாளாளரைப் பார்த்தார். தாளாளர் மருமகனைப் பார்த்தார். மருமகன் மீசையைத் தடவினார். இந்த முறை நீதிமன்றம் சிரிக்கவில்லை, காத்திருந்தது.

மதியம் வரை அவகாசம் கேட்டார் வக்கீல். இரண்டே கால் மணிக்குக் கல்லூரிக் காரில் உதயாவின் மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியல்களும் வந்தன. போலி என்று சொன்ன பத்தியைக் கல்லூரி திரும்பப் பெற்றது. இரண்டு ஆணைகளையும் நீதிபதி திருப்பித் தரவில்லை. உரிய இடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கோப்பில் கட்டிக்கொண்டார்.

பொன்னுரங்கம் கடற்கரைப் பக்கம் திரும்பி ஒருமுறை கும்பிட்டார். பிறகு குப்பத்துப் பெரியவரின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் போனுக்கு அடித்து, விஷயத்தை உரக்கச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

புதிய கல்லூரியில் மாலை ஐந்துக்குள் சேர வேண்டும். எல்லாவற்றுக்கும் அரசிதழ் அதிகாரியின் சான்றொப்பத்தோடு இரண்டு நகல் வேண்டும். நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் ஜன்னத் உள்ளே நுழைந்து, கடைக்காரரை நகர்த்திவிட்டுத் தானே எடுத்தாள். உதயா நகல்களை வாங்கி, வேறு யாரையும் தேடாமல், நேராகச் சுப்பராயனிடம் நீட்டினாள்.

அவர் கை சட்டைப் பைக்குப் போனது. பேனாவை எடுத்தார். மூடியும் கழன்றது.

எதிரே பொன்னுரங்கம், வரதன், ஜன்னத். யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. காலடிப்பேட்டையிலும் ஆறு வருஷமாக யாரும் சொன்னதில்லை.

சுப்பராயன் மூடியை மறுபடியும் திருகினார்.

"எனக்கு அந்த அதிகாரம் கிடையாது அம்மா. பணியில் இருப்பவர் யாரிடமாவது வாங்கு. எதிர்க் கட்டடத்தில் இருப்பார்கள். நான் வரிசையில் உன்னோடு நிற்கிறேன்."

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கும் ஜன்னத் முன்னால் போய்ச் சாலையில் இறங்கினாள். அவர் சாலையைக் கடக்கும்வரை, வரும் லாரியைக் கையைக் காட்டி நிறுத்தி வைத்தாள்.